மாஃபியா ஆட்டத்தில் மாடரேட்டர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

மாஃபியா, வேர்வுல்ஃப் போன்ற ஆட்டங்களில் ஒவ்வொருவருக்கும் ரோல் எனப்படும் ஒரு ரகசியப் பாத்திரம் கிடைக்கும்; சிலர் மறைந்திருக்கும் மாஃபியா, மற்றவர்கள் கிராமத்தார். இரவில் மாஃபியா ஒருவரைக் கொல்லும், பகலில் எல்லோரும் பேசி வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவார்கள். மாஃபியா அனைவரும் வெளியேறினால் கிராமத்தார் வெல்வார்கள், எண்ணிக்கை சமமானால் மாஃபியா வெல்லும். இவற்றை இணையத்தில் எழுத்து வழியாக ஆடும்போது எல்லா உண்மையும் தெரிந்தவர், ஆட்டத்தை நடத்தும் மாடரேட்டர் ஒருவரே. யார் மாஃபியா, இரவில் ஒருவரைக் காப்பாற்றும் டாக்டர் யார், நேற்றிரவு யாரைக் கொல்லச் சொன்னார்கள், யாரை யார் காப்பாற்றினார்கள் என்ற விவரமெல்லாம் அவரிடம் இருக்கிறது. மற்ற எவர் சொல்வதும் பொய்யாக இருக்கலாம், மாடரேட்டர் சொல்வது மட்டும் பொய்யாகாது என்ற நம்பிக்கையின் மேல்தான் ஆட்டம் நிற்கிறது என்பதால், அவர் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் ஆட்டக்காரர்கள் சாட்சியமாகவே படிப்பார்கள். ஆகவே எவ்வளவு வெளியிடுவது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே விதியாக எழுதி அனைவருக்கும் காட்டிவிட வேண்டும். தொடங்கிய பிறகு அந்த விதி கேட்பதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது, அது கேட்பதில் எதையும் விடவும் கூடாது.

1986-87 வாக்கில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் திமித்ரி டேவிடோஃப் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோதும், 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனிதர்களின் (வேர்வுல்ஃப்) கதையாக மாற்றியபோதும், எல்லோரும் ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்து ஆடினார்கள். மாடரேட்டர் வாய்தவறி ஏதாவது சொன்னாலும் அது காற்றோடு போய்விடும். டிஸ்கார்டிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படியல்ல. சொன்னது நேரக் குறிப்போடு அங்கேயே நிற்கும், மூன்றாம் நாள் ஒருவர் தேடியெடுத்துப் படிப்பார், முதல் நாள் அறிவிப்போடு ஒப்பிட்டும் பார்ப்பார்.

தொடங்கும் முன்

முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எந்தெந்த ரோல்கள் ஆட்டத்தில் உள்ளன என்பதை அறிவிப்பதா என்பதுதான். முழுப் பட்டியலையும் சொல்லிவிடலாம். ஒன்றுமே சொல்லாமல் விடலாம். அல்லது பத்து ரோல்களைக் காட்டி, இவற்றில் சில மட்டுமே இருக்கும் என்று சொல்லலாம். மூன்றும் நியாயமான ஆட்டங்களே. ஆனால் எந்த முறையைத் தேர்ந்தாலும், மாஃபியா எத்தனை பேர் என்ற எண்ணை மறைப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 9 பேர் ஆடுகிறார்கள், அவர்களில் 2 பேர் மாஃபியா. கிராமத்தார் முதல் நாள் தவறான ஆளை வெளியேற்றி, அன்றிரவு இன்னொருவர் கொல்லப்பட்டால் 7 பேர் மிஞ்சுவார்கள். மறுநாளும் அப்படியே நடந்தால் 5 பேர். அந்த 5 பேரில் 2 பேர் மாஃபியா என்பதால், மூன்றாம் நாள் வாக்கு தவறினால் இரண்டுக்கு இரண்டு என்றாகி, மாஃபியா வென்று ஆட்டம் முடிந்துவிடும். எண்ணும் தெரிந்து, இறந்தவர்களின் ரோலும் தெரிந்தால், இன்றைய வாக்குதான் கடைசி வாய்ப்பு என்பதைக் கிராமத்தார் தாங்களே கணக்கிட்டுக்கொள்வார்கள். இரண்டில் ஒன்று மறைக்கப்பட்டாலும் அந்தக் கணக்கு கலங்கிவிடும். ‘இன்று கவனமாக வாக்களியுங்கள்’ என்று மாடரேட்டர் அன்றைக்கு மட்டும் எழுதினால், மறைத்த தகவலைத் தானே கொடுத்துவிட்டார் என்று பொருள். நெருக்கடியான நாளை அறிவிப்பதென்றால் விதியிலேயே எழுதி ஒவ்வொரு முறையும் அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் ஒருபோதும் அறிவிக்கக் கூடாது.

சிறிய தகவலும் ஆட்டத்தை எவ்வளவு புரட்டிப்போடும் என்பதைக் கணிதமும் சொல்கிறது. பிராவர்மன், எடெசாமி, மோசல் ஆகிய மூவர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, துப்பறிபவர் (இரவுதோறும் ஒருவரின் தரப்பை அறியும் ரோல்) இல்லாத ஆட்டத்தில் மொத்த ஆட்டக்காரர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிய அளவு மாஃபியா இருந்தாலே இரு தரப்பும் சமபலமாகிவிடும். ஒரே ஒரு துப்பறிபவரைச் சேர்த்தால், மாஃபியாவின் எண்ணிக்கை மொத்தத்தில் ஒரு நிலையான விகிதமாக இருந்தால்தான் அவர்களால் ஈடுகொடுக்க முடியும். மாடரேட்டர் நழுவவிடும் ஒரு குறிப்பு, யாரும் கேட்காமல் ஆட்டத்துக்குள் நுழைந்த இன்னொரு துப்பறிபவர் போன்றது.

இறந்தவரின் ரோல்

வாக்கில் வெளியேறியவர் அல்லது இரவில் இறந்தவர் யார் என்பதைக் காட்டுவதை ஆடுபவர்கள் ஃபிளிப் என்கிறார்கள். ரோலை முழுதாகக் காட்டலாம், எந்தத் தரப்பு என்று மட்டும் காட்டலாம், ஒன்றும் காட்டாமலும் விடலாம். அமங் அஸ் விளையாடியவர்களுக்கு இந்தத் தேர்வு பழக்கமானதே. வெளியேற்றப்பட்டவர் இம்போஸ்டரா (மறைந்திருக்கும் எதிரியா) இல்லையா என்று சொல்வதை அங்கே ஒரு அமைப்பாகவே வைத்திருக்கிறார்கள், ஆட்டத்தை நடத்துபவர் அதை அணைத்துவிடலாம்.

முழு ஃபிளிப்பில், துப்பறிபவர் இறந்தவுடன் அவர் முன்பு சொன்ன முடிவுகள் எல்லாம் உறுதியாகிவிடும், பிறகு எவரும் அந்த ரோலைப் பொய்யாக உரிமைகோர முடியாது. தரப்பை மட்டும் காட்டினால் மாஃபியாவுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். உண்மையான துப்பறிபவர் இறந்த பிறகும் ‘நான்தான் துப்பறிபவன்’ என்று ஒருவர் துணிந்து சொல்லலாம். ஒன்றுமே காட்டாத ஆட்டத்தில் பழைய வாக்குப் பட்டியலைப் புரட்டிப் படிப்பதில் பெரிய பயன் இருக்காது, ஏனென்றால் முதல் நாள் வெளியேறியவர் மாஃபியாவா என்று தெரியாமல் அவருக்கு எதிராக வாக்களித்தவரை எந்தக் கணக்கில் வைப்பது? எழுத்து வழி ஆட்டத்தின் சுவையில் பாதி அந்த வாக்குப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே புதியவர்கள் இருக்கும் ஆட்டத்தில் முழு ஃபிளிப்பையே பரிந்துரைக்கிறேன். பிளட் ஆன் த கிளாக்டவர் ஆட்டத்தில் இறந்தவரின் ரோல் வெளியிடப்படுவதில்லை. ஆனால் இறந்தவர்கள் தொடர்ந்து பேசலாம், ஒரு வாக்கும் அவர்களிடம் மிஞ்சியிருக்கும் என்று அந்த ஆட்டமே அதற்கேற்ப அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஏற்பாடுகள் இல்லாமல் மறைப்பை மட்டும் கடன் வாங்கினால் ஆட்டம் வெறும் குருட்டுச் சீட்டாகிவிடும்.

டவுன் ஆஃப் சேலம் என்ற இணைய ஆட்டத்தில், மாஃபியா தரப்பில் ஜானிட்டர் என்ற ரோல் இருக்கிறது. அவர் கைவைத்த சடலத்தின் ரோல் ஊருக்குத் தெரியாது. இத்தகைய விதிவிலக்கு உங்கள் ஆட்டத்தில் இருக்கக்கூடும் என்றால், ‘சில மரணங்களில் ரோல் வெளியிடப்படாமல் போகலாம்’ என்ற வரி விதிகளில் முன்பே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது மாஃபியாவின் வேலை என்று யாருக்கும் தோன்றாது. மாடரேட்டர் மறந்துவிட்டார் என்றே நினைப்பார்கள்.

இரவின் முடிவுகள்

யாரும் இறக்காத இரவுக்குப் பின் எழுத வேண்டியது ‘நேற்றிரவு யாரும் இறக்கவில்லை’ என்ற ஒரு வரி மட்டுமே. டாக்டர் காப்பாற்றியிருக்கலாம், கொல்லப் போனவர் வேறொரு ரோலால் தடுக்கப்பட்டிருக்கலாம், மாஃபியாவே வேண்டுமென்று கொல்லாமல் விட்டிருக்கலாம். எது நடந்தது என்று ஊகிப்பது ஆட்டக்காரர்களின் வேலை. கதை சொல்லும் ஆசையில் ‘மருந்து வாசனை வீசியது’ என்று எழுதும் மாடரேட்டர்கள் உண்டு. கதை அழகாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று சாத்தியங்களில் இரண்டை அது அழித்துவிடும். கதை எழுத விரும்பினால் அதில் தகவல் எதுவும் இல்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதன்படியே நடந்துகொள்ள வேண்டும்.

டாக்டருக்கே அவர் காப்பாற்றியது பலித்ததா என்று சொல்லலாமா? சொல்லாமல் இருப்பதே நல்லது. மாஃபியா பொதுவாகத் தன் ஆளைத் தானே கொல்லாது என்பதால், காப்பாற்றியது பலித்தது என்று தெரிந்த டாக்டர், அந்த ஆள் கிராமத்தார் என்பதையும் ஏறக்குறைய தெரிந்துகொண்டுவிடுகிறார். துப்பறிபவர் தடுக்கப்பட்டால் ‘முடிவு கிடைக்கவில்லை’ என்பது போதும். யார் தடுத்தார், எதனால் தடைபட்டது என்பவை அவருக்கு உரியவையல்ல.

ரோலைத் தெரிவிக்கும் தனிச்செய்திகளை ஒரே வார்ப்பில் எழுத வேண்டும். அதோடு, சாதாரணக் கிராமத்தாருக்குப் போகும் செய்தியின் முழு வாசகத்தையும் விதிகளோடு சேர்த்துப் பொதுவில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால், உண்மையான கிராமத்தார் தம் செய்தியில் இருந்த ஒரு சொல்லை எடுத்துச் சொல்லித் தம்மை நிரூபித்துக்கொள்வார். அந்தச் செய்தியைப் பார்த்திராத மாஃபியாவால் அதைப் போலச் செய்ய முடியாது. தனிச்செய்தியை மேற்கோள் காட்டுவதற்குத் தடை விதித்தால் மட்டும் இந்த ஓட்டை அடைபடாது.

கேள்விகளும் மௌனமும்

ஆட்டத்தின் நடுவே வரும் கேள்விகளில்தான் பெரும்பாலான கசிவுகள் நடக்கின்றன. விதி பற்றிய கேள்வி தனியாக வந்தாலும், கேட்டவர் பெயரைச் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகப் பதில் எழுதலாம். ஆனால் கேள்வியே கேட்டவரின் ரோலைக் காட்டிக்கொடுப்பதாக இருந்தால் அவருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். ‘இந்த ஆட்டத்தில் டாக்டர் இருக்கிறாரா?’ என்பது போன்ற கேள்விக்கு, ‘விதிகளில் உள்ளதற்கு மேல் சொல்வதற்கில்லை’ என்ற ஒரே வாசகத்தை ஒவ்வொரு முறையும் எழுத்து மாறாமல் பயன்படுத்துங்கள். ஒருமுறை ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த முறை ‘சொல்ல முடியாது’ என்றால், இரண்டாவதன் பொருள் ‘ஆம்’ என்பதாகிவிடும். ஒருவரின் அனுமானத்தைப் படித்துச் சிரிப்பு இமோஜி போடுவதும் பதில்தான்.

சொல்லாமலே கசிபவையும் உண்டு. இரவுச் செயல்கள் அனைத்தும் சீக்கிரம் வந்துவிட்டன என்று விடியலை முன்னதாக அறிவித்தால், இன்று செயல்படும் ரோல்கள் குறைவு என்று ஊகிப்பார்கள். எனவே குறித்த நேரத்தில்தான் அறிவிக்க வேண்டும். இரவில் செயல் அனுப்பாதவரைப் பொது அறையில் பெயர் சொல்லி நினைவூட்டினால் அவருக்கு ரோல் இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும். நினைவூட்டல் தேவையென்றால், செயல் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் எல்லோருக்கும் தனிச்செய்தி அனுப்புவதே பாதுகாப்பு. ஆட்டத்திலிருந்து ஒருவர் விலகி மாற்று ஆள் வந்தால், விலகிய காரணத்தையும் அவர் சொன்னதையும் வெளியிட வேண்டாம். இறந்தவர்கள் பேசும் தனி அறையில் எல்லா உண்மையையும் கொடுப்பது இனிய வழக்கம்தான், ஆனால் இறந்தவரை மீட்கும் ரோல் ஆட்டத்தில் இருந்தால் அதைச் செய்யவே கூடாது.

தவறு நேர்ந்தால்

வாக்குகளைத் தவறாக எண்ணியது போன்ற பிழையைப் பொதுவில் உடனே திருத்திவிடலாம். மறைவான தகவல் ஒருவருக்கு மட்டும் போய்விட்டால், அதை ஈடுகட்ட எதிர்த் தரப்புக்கு ரகசியமாக எதையாவது கொடுக்கும் சபலம் வரும். அது ஒரு பிழையை இரண்டாக்கும். தகவல் சிறியதென்றால் அதை எல்லோருக்கும் பொதுவாக்கலாம், பெரியதென்றால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம்.

பொய்யான முடிவு பெறும் துப்பறிபவர், தன் ரோலையே தவறாக அறிந்திருக்கும் குடிகாரர் போன்றவர்களைச் சேர்ப்பது வேறு. அவை ரோலின் இயல்புகள். ‘தனிச்செய்தியில் வரும் தகவல் உண்மையாக இல்லாமலும் போகலாம்’ என்று விதியில் எழுதியிருந்தால் யாருக்கும் புகார் இருக்காது. பொது அறிவிப்பில் மட்டும் மாடரேட்டர் பொய் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆட்டம் முடிந்தவுடன் எல்லா ரோல்களையும், ஒவ்வொரு இரவின் செயல்களையும், மாஃபியாவின் தனி உரையாடலையும் திறந்து காட்டுங்கள். அந்த உரையாடலில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பற்றிக் கடுமையாகவும் எழுதியிருக்கக்கூடும் என்பதால், அது கடைசியில் அனைவருக்கும் திறக்கப்படும் என்பதை முதல் நாள் ரோல் செய்தியிலேயே மாஃபியாவிடம் சொல்லிவிடுங்கள்.