பைத்தான் கற்கக் கணினியைத் தயார் செய்வது: அந்த டிக்கை விட்டுவிடாதீர்கள்

பைத்தான் என்ற நிரல் மொழியைப் படிக்க உட்கார்ந்த முதல் நாள், ஒரு வரி நிரல்கூட எழுதாமல் எனக்கு இரண்டு மணி நேரம் போய்விட்டது. உங்களுக்குப் பத்து நிமிடத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விண்டோஸை வைத்தே சொல்கிறேன்.

பைத்தான் டாட் ஆர்க் தளத்தின் டவுன்லோட்ஸ் பகுதியில், விண்டோஸுக்கான 64 பிட் இன்ஸ்டாலரை இறக்கிக்கொள்ளுங்கள். பதிப்பு எண் 3-இல் தொடங்க வேண்டும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆனால் அதற்கு எழுதிய பாடங்கள் இன்னும் கிடைக்கின்றன. திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குறி இல்லையா? பழைய பாடம், விட்டுவிடுங்கள்.

இன்ஸ்டாலரைத் திறந்ததும் 'இன்ஸ்டால் நவ்' என்று பெரிதாகத் தெரியும். கை நேராக அங்கேதான் போகும். கொஞ்சம் பொறுங்கள். அதே திரையின் அடியில், 'ஆட் பைத்தான் டாட் இஎக்ஸ்இ டு பாத்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்காது, நாம்தான் போட வேண்டும். நாம் அடிக்கும் கட்டளையை எந்தெந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல்தான் பாத். பைத்தானின் ஃபோல்டர் அதில் இல்லையென்றால், கணினியில் பைத்தான் இருந்தும், கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டுக்கு அது தெரியாது.

டிக் போட மறந்துவிட்டதா? அதே இன்ஸ்டாலரை மறுபடி திறந்து 'மாடிஃபை' கொடுங்கள். அடுத்த திரையைத் தாண்டினால், பைத்தானை என்விரான்மென்ட் வேரியபிள்களில் (பாத் பட்டியலும் இவற்றில் ஒன்றுதான்) சேர்க்கும் கட்டம் வரும், டிக் போடுங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். என் இரண்டு மணி நேரத்தில் பாதியை விழுங்கியது இதுதான். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்குப் பழைய பட்டியல் மட்டுமே தெரியும்.

எழுத எது நல்லது? பலர் விஎஸ் கோட் என்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் முதல் மாதத்துக்கு பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடில் என்ற எடிட்டர் போதும் என்பேன். அதைத் திறந்து இப்படி அடித்துப் பாருங்கள்:

மதிப்பெண் = 45 + 50
மதிப்பெண்

95 என்று வரும். ஆமாம், பைத்தான் 3-இல் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளுக்கு நாம் வைக்கும் பெயர்களுக்கு, தமிழையே பயன்படுத்தலாம்! எனக்கு இது இன்றும் சந்தோஷம் தருகிறது.

பிற்சேர்க்கை: படித்துவிட்டு இருவர் ஒரே சிக்கலோடு வந்தார்கள். பைத்தானோடு வரும் ரேண்டம் மாட்யூலை (தற்போக்கு எண்கள் தரும் தயார் நிரல்) பழக எழுதிய கோப்புக்கு ரேண்டம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். மாட்யூலை இம்போர்ட் செய்யும்போது, அதாவது நம் நிரலுக்குள் கொண்டுவரும்போது, பைத்தான் அந்தக் கோப்பையே எடுத்துக்கொள்ளும். உண்மையான மாட்யூல் வராது. கோப்பின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும். மேக்கில் பழகுகிறவர்கள் டெர்மினலில் (மேக்கின் கட்டளை ஜன்னல்) பைத்தான் என்பதோடு 3-ஐயும் இடைவெளி விடாமல் சேர்த்து அடியுங்கள்.