நீட் மாதிரித் தேர்வைத் திருத்தும் முறை: டியூஷன் எடுப்பவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நீட்டுக்கு வரும் மாணவருக்குப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்துவது பெரும்பாலும் நேர விரயம். மார்க் எங்கே போகிறது என்பதை அவர் எழுதிய தாளே சொல்லிவிடும்.

முதல் வாரத்திலேயே பழைய வினாத்தாள் ஒன்றை முழுதாக எழுத வையுங்கள். 2025 முறைப்படி 180 கேள்வி, 180 நிமிடம், 720 மார்க், சாய்ஸ் கிடையாது. 2021 முதல் 2024 வரையிலான தாள்களில் 200 கேள்விகள் இருக்கும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கிலும் பி பிரிவில் ஐந்தைந்து கேள்விகளை அடித்துவிட்டுக் கொடுத்தால் கணக்கு சரியாகும். மதியம் இரண்டு மணிக்கே உட்கார வையுங்கள்; சாப்பிட்ட பின் வரும் தூக்கத்தையும் பழகிக்கொள்ள வேண்டுமே.

எழுதும்போதே வினாத்தாளில் குறி போடச் சொல்லுங்கள்: இரண்டு விடைகளுக்கு நடுவே திணறினால் புள்ளி, குருட்டாம்போக்கில் அடித்தால் வட்டம். குறி போட்ட கேள்வி சரியாக வந்திருந்தாலும் அது தெரிந்த கேள்வி இல்லை. இதைச் செய்யாததால்தான் ஒரு தேர்வில் ஏறிய மார்க் அடுத்ததில் சரிகிறது.

திருத்தும்போது ஒவ்வொரு தவறுக்கும் காரணத்தை மாணவரை ஒரு நோட்டில் எழுத வையுங்கள்: பாடமே தெரியவில்லை, படித்தது மறந்துவிட்டது, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, கணக்கில் சறுக்கல். 'கவனக்குறைவு' என்று எழுதவே விடாதீர்கள். அதற்கு மருந்து கிடையாது. உதாரணமாக, குவியத் தூரம் 20 செ.மீ. உள்ள குவிலென்சின் திறன் என்ன? மாணவர் 1/20 போட்டு 0.05 டயாப்டர் என்பார். மீட்டருக்கு மாற்றினால் 0.2, விடை 5. அந்த 0.05-ம் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். கணக்கு போடுமுன் அலகை மாற்றி எழுதும் பழக்கம்தான் இதற்கு மருந்து, லென்ஸ் பாடத்தை மறுபடி நடத்துவது அல்ல. அதேபோல உயிரியலில் 'தவறான கூற்று எது' என்று கேட்டால் 'தவறான' என்பதை வட்டமிட்ட பிறகே விடைகளைப் பார்க்க வேண்டும். படித்தது மறந்திருந்தால் என்சிஇஆர்டி புத்தகத்தில் அந்த வரியைத் தேடி அடிக்கோடிடட்டும், நீங்கள் சொல்லித்தராதீர்கள்.

'தெரியாவிட்டால் தொடாதே' என்ற அறிவுரை பாதிதான் சரி. சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. நான்கில் இரண்டை நிச்சயமாக நீக்க முடிந்தால், சராசரியாகக் கேள்விக்கு 1.5 மார்க் லாபம். அங்கே விடக் கூடாது. ஒன்றைக்கூட நீக்க முடியாவிட்டால் லாபம் வெறும் 0.25. ஒரு தேர்வில் அது எந்தப் பக்கமும் சாயும், விட்டுவிடலாம்.

நேரம்: உயிரியலின் 90 கேள்விகளுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65, மீதி 15 சரிபார்க்க. ஓஎம்ஆரை (வட்டம் நிரப்பும் விடைத்தாளை) கடைசியில் மொத்தமாக நிரப்ப விடாதீர்கள். ஒரு கேள்வியை விட்டுத் தாண்டும்போது அடுத்த விடை ஒரு வரிசை மேலே ஏறிவிட்டால், அதற்குப் பின் வரும் அத்தனையும் போச்சு. பக்கத்துக்குப் பக்கம் நிரப்பி, பத்துக்கு ஒரு முறை கேள்வி எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொன்று: தமிழ் வரி குழப்பினால் பக்கத்தில் உள்ள ஆங்கில வரியைப் படிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் ஆங்கிலமே இறுதி. அதனால் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிவைக்கட்டும்.

தவறிய கேள்விகளை மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் விடையைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டும். இரண்டு முறையும் சரியாக வந்தால் மட்டுமே அந்தத் தவறு நோட்டிலிருந்து அடியுங்கள்.