பக்கத்து பெட்காரருக்கு சிபிஆர் நடக்கும்போது

அரசு மருத்துவமனை ஜெனரல் வார்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போடத்தான் இடம் இருக்கும். பக்கத்து பெட்காரருக்குத் திடீரென்று இதயம் நின்றுபோனால், அவரைக் காப்பாற்ற நடக்கும் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் அவசர சிகிச்சை, அத்தனையும் உங்கள் கண்முன்னால்தான் நடக்கும், ஸ்கிரீன் இழுத்து மறைத்தாலும் சத்தம் கேட்கும். அவர் வீட்டாரைத் தேற்ற நாலு பேர் வருவார்கள். பக்கத்தில் படுத்து எல்லாவற்றையும் பார்த்த நோயாளியை யாரும் கண்டுகொள்வதில்லை.

அவர் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பதை முதலில் கவனித்தது நீங்கள் என்றால் கூச்சப்படாமல் சத்தம் போடுங்கள், "சிஸ்டர், ஓடி வாங்க, இவர் கூப்பிட்டா எழுந்திரிக்கல" என்று. தூங்குகிறாரோ என்னவோ என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். விட்டு விட்டு, குறட்டை மாதிரி இழுத்துக்கொண்டு மூச்சு வந்தால் "அதான் மூச்சு இருக்கே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள், இதயம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படி வரும். ஆட்கள் வந்ததும் உங்கள் வேலை முடிந்தது. ட்ரிப்ஸ் போட்ட கையோடு பதறி எழுந்து விழுந்து வைக்காமல் மறுபக்கம் திரும்பிப் படுங்கள். உங்கள் துணைக்கு இருப்பவர் ஸ்டூலையும் கூடையையும் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு வெளியே போனால் அதுவே பெரிய உதவி. போனில் வீடியோ எடுப்பது மட்டும் கூடவே கூடாது.

பார்த்துவிட்டீர்கள், சரி, பார்த்தது என்னவென்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். தலையணையை உருவிவிட்டு ஆளை மல்லாத்திப் போட்டு, ஒருவர் இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்துவார். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 செ.மீ.யாவது நெஞ்சு உள்ளே போக வேண்டும், அதனால்தான் கட்டிலே ஆடுகிறது. சில சமயம் விலா எலும்பு முறியும். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் மெதுவாக அழுத்தினால் மூளைக்கு ரத்தம் போகாது. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது கை ஓய்ந்துவிடும் என்பதால். "கரண்ட் ஷாக் கூட வைக்கல" என்று அப்புறம் வார்டில் ஒரு பேச்சு கிளம்பும். மானிட்டரில் கோடு நேராக ஓடினால் ஷாக்கால் பிரயோஜனம் கிடையாது, அதனால் வைக்க மாட்டார்கள். சினிமாவில்தான் எல்லோரும் எழுந்து உட்காருவார்கள். அமெரிக்க மருத்துவமனைகளிலேயே உள்ளே இருக்கும்போது இதயம் நின்றவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார். உண்மையிலேயே தாமதம் நடந்ததைப் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரி நிர்வாகத்தைக் கவனிக்கும் டாக்டரான ஆர்.எம்.ஓ.விடம் போய்ச் சொல்லுங்கள், வராந்தாவில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இனி உங்கள் விஷயம். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பயத்தில் வருவதுதான். ஆனால் நீங்களே ஹார்ட் அட்டாக்குக்குப் படுத்திருப்பவர் என்றால், நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ "பயத்துலதான்" என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். அவர்கள் அந்தப் பக்கம் வேலையாக இருந்தாலும் கூப்பிடுங்கள்.

"எனக்கும் அதே அட்டாக்தானே, அடுத்தது நான்தானா?" என்பதுதான் பெரிய பயம். நோயின் பேர் ஒன்றாக இருந்தாலும் அவர் நிலைமை வேறு, உங்களுடையது வேறு. அவருக்கு என்ன ஆனது என்று டாக்டர் உங்களிடம் சொல்ல மாட்டார், அது அவர் வீட்டாருக்கு. ரவுண்ட்ஸில் உங்களைப் பற்றிக் கேளுங்கள், "என் இதயம் பம்பிங் எப்படி இருக்கு, எனக்கு அந்த மாதிரி ஆகிற ஆபத்து எவ்வளவு?" என்று நேராகவே. பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவதுதான் ஆக மோசமான முடிவு, வீட்டில் அப்படி ஆனால் நெஞ்சை அழுத்தக்கூட ஆள் இருக்காது.

இன்னொன்று, அதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குத் தண்ணீர் கொடுத்தவர் "நான் கொடுத்ததாலதானோ" என்றும், கொடுக்காதவர் "கடைசியா கேட்டாரே" என்றும் மனதுக்குள் புழுங்குவார்கள். இதை விழுங்காமல் டியூட்டி சிஸ்டரிடம் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் ஒரே நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

ராத்திரி தூக்கம் வராது. வேறு பெட் காலியாக இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பேசத் தோன்றினால் வீட்டில் யாரிடமாவது பேசுங்கள், தோன்றாவிட்டால் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. சில நாள் கண்ணுக்குள்ளேயே நிற்கும், அப்புறம் தானாக மங்கும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு வருகிறது, செக்கப்புக்குப் போகவே கால் வரவில்லை என்றால் மனநல ஓ.பி.யில் காட்டுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான 14416 (டெலிமானஸ்)-க்குப் போன் போடுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அந்த பெட்டுக்குச் சீக்கிரமே புது ஆள் வந்துவிடுவார். "நேத்து இந்த பெட்லதான்..." என்று அவரிடம் ஆரம்பிக்காதீர்கள்.