பரிமாற்றத் திட்டத்தில் அறிவியல் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரும் வரலாற்று மாணவருக்கு ஒரு பாடம் கணக்கில் ஏறாமல் போனால், அடுத்த செமஸ்டரில் வேறொன்றை எடுத்துச் சரிக்கட்டிவிடலாம். இயற்பியல் மாணவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. குவாண்டம் இயக்கவியல் முதல் பகுதியை முடிக்காதவரை இரண்டாம் பகுதிக்குள் விடமாட்டார்கள். முதல் பகுதியோ பல இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒரு பாடம் தவறினால் ஓர் ஆண்டே தள்ளிப்போகும். இந்தச் சங்கிலியை மறப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன, அதுவும் விமானம் ஏறுவதற்கு மாதக்கணக்கில் முன்பே.

பெயரைப் பார்த்துப் பாடம் எடுப்பது

'இயற்பிய வேதியியல் 2' என்ற பாடம் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இருக்கும். ஒன்றில் அது வெப்ப இயக்கவியலும் வினைவேகவியலும். இன்னொன்றில் குவாண்டம் வேதியியலும் நிறமாலையியலும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டால், படித்ததையே மறுபடி படிப்பீர்கள், அல்லது அடிப்படை தெரியாமல் முதல் வாரத்திலேயே திணறுவீர்கள்.

ஒப்பிட வேண்டியது சிலபஸை. வாரவாரியான தலைப்புகள், பாடநூலில் எந்த அத்தியாயம்வரை, விரிவுரை எத்தனை மணி, பிராக்டிகல் எத்தனை மணி, முன்தேவைப் பாடங்கள் எவை என்று இரண்டு பக்கமும் அருகருகே வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். பிராக்டிகலுக்குத் தனி வரி வேண்டும். சில இடங்களில் ஆய்வக வகுப்பு பாடத்துக்குள்ளேயே அடங்கும். சில இடங்களில் அது தனிக் குறியீடு, தனிப் பதிவு. ஜெர்மனியில் ஆய்வகப் பயிற்சியை விரிவுரை இல்லாத விடுமுறைக் காலத்தில் சில வாரங்கள் தொடர்ச்சியாக நடத்துவதும் உண்டு. இது தெரியாமல் திரும்பும் டிக்கெட்டைப் போட்டவர் பாடத்தின் பாதியைத்தான் முடிப்பார்.

அந்த அட்டவணையை யாரிடம் காட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். பன்னாட்டுப் பிரிவு அலுவலகம் படிவத்தில் முத்திரை போடும். ஆனால் இந்தப் பாடத்துக்கு அது ஈடாகுமா என்று முடிவுசெய்வது பெரும்பாலும் உங்கள் துறைதான். வாய்வார்த்தையாக 'சரி, பார்த்துக்கலாம்' என்று சொன்ன பேராசிரியர் நீங்கள் திரும்பும்போது நீண்ட விடுப்பில் இருக்கலாம். மின்னஞ்சலிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இதன் அடுத்த கட்டத்தில்தான் கவனமானவர்களும் கோட்டை விடுகிறார்கள். போய் இறங்கியதும் ஒரு பாடம் நிரம்பியிருக்கும், அல்லது இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் வரும். அங்குள்ள ஒருங்கிணைப்பாளர் சொன்னதைக் கேட்டு வேறு பாடத்துக்கு மாறிவிடுவார்கள். எந்தெந்தப் பாடங்கள் என்று கிளம்பும் முன் கையெழுத்தான பழைய ஒப்பந்தம் அப்படியே கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில், கற்றல் ஒப்பந்தம் எனப்படும் இதில் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூவரும் கையெழுத்திடுவார்கள். மாற்றத்துக்கும் மூவரின் ஒப்புதலும் தேவை. மாற்றிய வாரத்திலேயே இதை முடித்துவிட வேண்டும். நிரம்பிப்போகும் பாடங்களில் ஆய்வக வகுப்புகளே முதலில் நிற்கும், ஏனென்றால் மேசைகளின் எண்ணிக்கையை யாராலும் கூட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு ஆய்வகப் பாடத்துக்கும் ஒரு மாற்றுப் பாடத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

கிரெடிட் கணக்கும் மதிப்பெண் கணக்கும்

ஐரோப்பிய நாடுகளின் பொதுவான கிரெடிட் முறையான ஈசிடிஎஸ்ஸில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்காவில் பட்டப்படிப்பின் ஓராண்டுச் சுமை வழக்கமாக 30 கிரெடிட். பிரிட்டனில் 120. அதாவது ஒரு அமெரிக்க கிரெடிட், இரண்டு ஈசிடிஎஸ், நான்கு பிரிட்டிஷ் கிரெடிட் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. இதைப் பார்க்காமல் 'எனக்கு 15 கிரெடிட் போதும்' என்று ஐரோப்பாவில் 15 ஈசிடிஎஸ் மட்டும் எடுத்து வருகிறவருக்கு, அமெரிக்கக் கணக்கில் ஏழரைதான் மிஞ்சும்.

மதிப்பெண் இன்னும் வழுக்கும். பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி. 14 என்பது 'நன்று' என்ற தரம், 16 'மிக நன்று'. 20 என்பது அறிவியல் பாடங்களிலும் அரிது. அந்த 14ஐ நேராக 70 சதவீதம் என்று மாற்றினால் வகுப்பின் நல்ல மாணவர் சுமாரானவராகத் தெரிவார். ஜெர்மனியில் அளவுகோலே தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி.

வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுகோலுக்கு மாற்றப் பலரும் பயன்படுத்துவது திருத்தப்பட்ட பவேரிய சூத்திரம். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழிக்க வேண்டும். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வருவதை 3ஆல் பெருக்கி 1ஐக் கூட்ட வேண்டும். 10 புள்ளி முறையில் தேர்ச்சி 4, உங்களுடையது 8 என்றால்: 2ஐ 6ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கினால் 1; ஒன்றைக் கூட்டினால் 2.0. திரும்பி வரும்போது உங்கள் பல்கலைக்கழகம் எந்த வழியில் மாற்றும் என்பதைப் போகும் முன்பே கேளுங்கள். வெறும் தேர்ச்சி என்று பதிவுசெய்யும் வாய்ப்பு இருந்தால், சராசரியைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு அதுவே நல்லது என்பது எங்கள் கருத்து.

நாள்காட்டி

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை. விரிவுரைகள் பிப்ரவரி நடுவில் முடிந்தாலும் தேர்வுகள் அதன்பின் வாரக்கணக்கில் நீளும். உங்கள் அடுத்த செமஸ்டர் ஜனவரியில் தொடங்கினால் மோதல் நிச்சயம். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. டிக்கெட் போடும்போது பார்க்க வேண்டியது கடைசித் தேர்வின் தேதியை. வகுப்பில் சேர்வது ஒரு பதிவு, தேர்வு எழுதுவது இன்னொரு பதிவு என்று பிரித்து வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அந்த இரண்டாவது பதிவை மறந்தவர், செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து படித்தும் தேர்வு எழுத முடியாது.

விசாவிலும் இந்த நாள் கணக்குதான் வரும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம்; ஒரு செமஸ்டருக்கு அது போதாது, அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிறவர்கள், திட்டத்தை நடத்தும் நிறுவனம் தரும் டிஎஸ்-2019 படிவத்தில் உள்ள தொடக்க தேதிக்கு 30 நாள் முன்புவரைதான் நுழையலாம். அதே விசாவுக்கு மருத்துவக் காப்பீடு ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் ஈடுசெய்ய வேண்டும். மலிவான பயணக் காப்பீட்டை வாங்கும் முன் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். அரசுப் பணத்தில் போகிற சிலருக்கு, திரும்பியபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் விழும். பின்னால் அங்கேயே வேலை தேடும் எண்ணம் இருப்பவர்கள் கையெழுத்திடும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆய்வகத்துக்குள்

மனித ரத்தத்தையோ திசுவையோ கையாளும் ஆய்வகம், ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்று கேட்கும். வழக்கமான அட்டவணையில் மூன்று ஊசிகள்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை கடைசி ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து. ஆக, கிட்டத்தட்ட எட்டு மாதம். சேர்க்கைக் கடிதம் வந்தபின் ஊசி போடத் தொடங்கினால் எட்டாது.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு பெரும்பாலும் முதல் வாரத்தில் ஒருமுறைதான். அதை முடிக்காதவருக்கு ஆய்வகக் கதவின் அட்டை கிடைக்காது. மொழி தெரியாத ஊரில் ரசாயனப் புட்டியைப் பார்த்து விழிக்க வேண்டாம்: ரசாயனங்களுக்கு உலகப் பொதுவாக லேபிள் இடும் ஜிஎச்எஸ் முறையின் ஆபத்துக் குறியீடுகள் எல்லா மொழியிலும் ஒன்றே. எச்314 என்றால் தோலையும் கண்ணையும் கடுமையாக எரிக்கும். எச்350 என்றால் புற்றுநோய் உண்டாக்கலாம். அடிக்கடி வரும் பத்துப் பதினைந்து குறியீடுகளை மனப்பாடம் செய்துவிடுங்கள், அரைநாள் வேலை.

யாரும் எச்சரிக்காத ஒரு பொறி தசமப் புள்ளி. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. தராசு அச்சிடும் '1,250 கி' என்பது ஒன்றேகால் கிராம். அந்தக் கோப்பை வேறு வட்டார அமைப்புள்ள (எண்ணையும் தேதியையும் எந்த நாட்டு முறையில் படிப்பது என்ற அமைப்பு) கணினியில் திறந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. தலைகீழாகவும் நடக்கும்: ஜெர்மன் அமைப்பிலுள்ள எக்செல், 3.12 என்பதை டிசம்பர் 3 என்று தேதியாக்கிவிடும். முதல் நாளே மடிக்கணினியின் வட்டார அமைப்பைச் சரிபார்த்து, ஒவ்வொரு தரவுக் கோப்பின் மேலும் எந்தக் குறியைப் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

மாதிரிகளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது கடைசி வாரத்துத் தவறு. ஒரு பயணி இரண்டரை கிலோ உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வரை எடுத்துச்செல்ல விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இடமுண்டு. ஆனால் சிக்கல் பனியில் இல்லை, அதற்குள் இருப்பதில். பிளாஸ்மிட் (சிறு வளைய டிஎன்ஏ), செல் வரிசை (ஆய்வகத்தில் வளர்த்துவரும் செல்கள்), மண் மாதிரி எதுவானாலும் இரண்டு நிறுவனங்களுக்கிடையே பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும், பல நேரங்களில் இறக்குமதி அனுமதியும் தேவை. 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின்படி, மரபுவளங்களை எந்த நாட்டிலிருந்து எடுக்கிறோமோ அந்த நாட்டின் முன் ஒப்புதலும் வேண்டியிருக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நிறுவனங்கள். மாணவரின் கையெழுத்து போதாது. தரவும் அப்படித்தான்: நீங்கள் அளந்த எண்கள் அந்தக் குழுவுடையவை. எதை எடுத்துச்செல்லலாம், ஆய்வறிக்கையில் எதைப் போடலாம், கட்டுரை வந்தால் பெயர் எங்கே வரும் என்பதை முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள். பிரியும் நேரத்தில் கேட்டால் அது சண்டையாகத் தெரியும்.

கிளம்பும் வாரம்

மதிப்பெண் பட்டியல் வர வாரங்கள் ஆகும், சில இடங்களில் மாதங்கள். அதற்குள் உங்கள் மாணவர் கணக்கு மூடப்படலாம். பாட விவரக் கையேடு, வருகைச் சான்று, திருத்தப்பட்ட ஒப்பந்தம், பிராக்டிகல் அறிக்கைகள் எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக இறக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். மதிப்பெண் பட்டியலை அனுப்ப வேண்டிய முகவரி எது என்று அலுவலகத்தில் நேரில் போய்ச் சரிபாருங்கள், இருக்கும் முகவரி நீங்கள் காலிசெய்யப்போகும் விடுதி அறையாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.