ஒரு டீஸ்பூன் எண்ணெயும் ஐந்து கிலோ நாயும்: கணைய அழற்சிக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வலியைக் குறைத்து, "இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் அனுப்பிவைக்கும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி நம் சமையலறையில் நடக்க வேண்டியது. அங்கே வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல, பாசத்தால். "பாவம், நாலு நாளாக ஒன்றுமே சாப்பிடவில்லையே" என்று ஆளுக்கு ஒரு துண்டு ஊட்டுகிறோம். அந்தத் துண்டு நம் கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரிகிறது. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

முதலில் இந்த நோய் என்ன என்பது பிடிபட வேண்டும். கணையம் இன்சுலினைச் சுரப்பதோடு, கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகளையும் சுரக்கிறது. அந்த நொதிகள் கணையத்துக்குள் இருக்கும்வரை உறங்கிக்கொண்டிருக்க வேண்டும், குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே விழிக்க வேண்டும். அழற்சியில் அவை இருந்த இடத்திலேயே விழித்துவிடுகின்றன. உணவைச் செரிக்க வேண்டிய சாறு, சுரந்த உறுப்பையே செரிக்கத் தொடங்குகிறது. இது ஏதோ வயிற்றுக் கோளாறு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டால் இதன் பிறகு சொல்வது எதுவும் மனதில் நிற்காது.

பட்டினி போட்டால் ஆறும் என்பது பழைய பாடம்

முன்பெல்லாம் வாந்தி நிற்கும்வரை பல நாட்கள் வாய்வழியே எதுவும் கொடுக்காமல் வைத்திருப்பதே சிகிச்சை. கணையத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்பது அதன் நியாயம். இப்போது அந்தப் பாதை மாறிவிட்டது. குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஊட்டத்தில் பெரும்பங்கைத் தங்கள் மேல் கடந்து போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. குடல் காலியாகவே கிடந்தால் அந்தச் சுவர் நலிந்து, உள்ளே இருக்கும் கிருமிகள் ரத்தத்துக்குள் நழுவ வழி பிறக்கிறது. அதனால் வாந்தி மருந்து கொடுத்து, ஒன்றிரண்டு நாட்களுக்குள் கொஞ்சமாவது உணவை உள்ளே அனுப்பப் பார்க்கிறார்கள். தானாகச் சாப்பிடாத நாய்க்கு மூக்கு வழியாகக் குழாய் போடுவதும் உண்டு. மருத்துவர் குழாய் என்று சொன்னதும் "அவ்வளவு முற்றிவிட்டதா" என்று பதற வேண்டாம்.

சின்ன நாய்க்குப் பட்டினி இன்னொரு வகையிலும் ஆபத்து. இரண்டு மூன்று கிலோ உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி நடுக்கம், தள்ளாட்டம், சில நேரம் வலிப்புவரை போகலாம். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். பெரிய நாய் தாங்கும் இரண்டு மூன்று வாந்தியில் சின்ன நாய் வறண்டுவிடும்.

அதற்காக வாயைத் திறந்து ஊசிக்குழலால் உணவைப் பீய்ச்சுவது பட்டினியைவிட மோசமான தவறு. உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். அது நடக்காவிட்டாலும், குமட்டலோடு இருக்கும்போது திணித்த உணவின் வாசனையைப் பிறகு அந்த நாய் எளிதில் ஏற்காது. உதட்டை நக்கிக்கொண்டே, எச்சில் ஒழுக, கிண்ணத்திலிருந்து முகத்தைத் திருப்பினால் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்காதீர்கள். அது குமட்டல். மருந்தைச் சரிசெய்யச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள்.

டீஸ்பூன் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

5 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்துக் கிடந்தாலே ஒரு நாளைக்குச் சுமார் 235 கலோரி செலவாகும். குணமாகும் காலத்தில் 1000 கலோரிக்கு 20 கிராம் அளவில் கொழுப்பு இருக்கும் உணவைப் பல மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்த நாய்க்கு ஒரு முழு நாளுக்கான கொழுப்பு ஐந்து கிராமைக்கூடத் தொடவில்லை.

ஒரு டீஸ்பூன் சமையல் எண்ணெயின் கொழுப்பு ஏறக்குறைய அதே அளவு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவிலும் கிட்டத்தட்ட அவ்வளவே இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதாவது "வெறும் அவித்த முட்டைதானே, லேசான உணவுதானே" என்று ஒன்றை உரித்துக் கொடுத்தால், அன்றைய கொழுப்பு மொத்தமும் அந்த ஒரு முட்டையோடு முடிந்தது. கிண்ணத்தில் வைக்கும் வழக்கமான உணவு அதற்கு மேல்தான் ஏறுகிறது. முட்டை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெள்ளைக் கருவோடு நிறுத்துங்கள்.

கோழியிலும் இதே கதை. தோல் நீக்கிய நெஞ்சுக்கறியை வேகவைத்தால் 100 கிராமில் நாலு கிராமுக்குள்தான் கொழுப்பு வரும். தொடைக்கறி என்றால் இரண்டு மடங்குக்கு மேல் போகும். தோலோடு சேர்த்தால் இன்னும் கூடும். கோழி என்றால் கோழிதானே என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வேகவைத்த தண்ணீரை உணவில் ஊற்றுவதாக இருந்தால் குளிரவைத்து, மேலே உறையும் கொழுப்பை வழித்து எறிந்துவிட்டு ஊற்றுங்கள். வெங்காயமோ பூண்டோ சேர்ந்த சாறு நாய்க்கே ஆகாது, கணையம் நன்றாக இருந்தாலும்.

முடிக்குப் பளபளப்பு வரட்டும் என்று வழக்கமாகக் கொடுத்துவந்த மீன் எண்ணெயைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது முழுக்க முழுக்கக் கொழுப்பு. மருத்துவரைக் கேட்காமல் மீண்டும் தொடங்க வேண்டாம். கடித்து விளையாடக் கொடுக்கும் காதுத்துண்டு, எலும்பு, தோல் வகைகளும் இதே பட்டியலில் வரும். பொருள் தொண்டைக்குள் இறங்கவில்லை என்றாலும் கொழுப்பு இறங்கும்.

வீட்டில் நாலு பேர் இருந்தால் இன்னொரு சிக்கல். நீங்கள் கொடுத்தது ஒரு துண்டுதான். அடுத்தவர் கொடுத்ததும் ஒரு துண்டுதான். நாய்க்கு மட்டும் நாலு துண்டு. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, யார், எப்போது, என்ன கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். கேலியாகத் தோன்றினாலும் தோன்றட்டும். திரும்பவும் வாந்தி எடுத்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும். குப்பைத்தொட்டிக்கு மூடி போடுவதும் இதோடு சேர்ந்த வேலை.

எவ்வளவு கொடுப்பது என்பதைப் போல எத்தனை தடவை கொடுப்பது என்பதும் முக்கியம். முதல் நாளே முழு அளவு வேண்டாம். தேவையில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தொடங்கி, மூன்று நான்கு நாட்களில் முழு அளவுக்கு வரலாம். அதையும் நாலைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும். தாகத்தோடு இருக்கும் நாய் ஒரே மூச்சில் கிண்ணத்தைக் காலி செய்து அப்படியே வெளியே கொட்டிவிடும். தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வையுங்கள்.

லேபிள் ஏமாற்றும்

டின் உணவின் லேபிளில் கொழுப்பு 4 சதவீதம் என்று இருக்கும். பக்கத்தில் உள்ள உலர் உணவில் 10 சதவீதம். எது குறைவு? டின்னில் 80 சதவீதம் தண்ணீர். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதமுள்ள 20 பங்கில் 4 பங்கு, அதாவது 20 சதவீதம் கொழுப்பு. உலர் உணவில் தண்ணீர் 10 சதவீதம்தான். அதன் கணக்கு சுமார் 11 சதவீதத்தில் முடிந்துவிடும். 4 என்று எழுதியது 10 என்று எழுதியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 1000 கலோரிக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்று தயாரிப்பாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டு வாங்குவது இந்தக் கழித்தல் கூட்டலைவிட நேரான வழி.

எடை குறைக்கும் உணவு, முதிய நாய்களுக்கான உணவு என்று போட்டிருப்பதெல்லாம் கொழுப்பு குறைந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நோயிலிருந்து தேறுவதற்கென்றே விற்கும் மசித்த டின் உணவுகளில் பல, சிறிய அளவில் நிறையக் கலோரி தரும்படி கொழுப்பைக் கூட்டிச் செய்தவை. அறுவை சிகிச்சை முடிந்த நாய்க்கு அது சரி. கணையம் புண்ணாகிக் கிடக்கும் நாய்க்கு அது வேறு கதை.

வீட்டிலேயே வேகவைத்த நெஞ்சுக்கறியும் சாதமும் சில நாட்களுக்கு நல்ல உணவுதான். மாதக்கணக்கில் அதையே ஓட்டினால் சுண்ணாம்புச் சத்து முதலாகப் பலவும் குறைந்துபோகும். நாய் நன்றாகச் சாப்பிடுகிறதே என்ற நிம்மதியில் இந்தக் குறை கண்ணில் படாது. பிறகு வேறு உணவுக்கு மாறும்போதும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

மாத்திரைகள்

நம் வலி மாத்திரையை உடைத்துக் கால் பங்கு கொடுப்பது கூடவே கூடாது. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உடல் வறண்டிருக்கும்போது இன்னும் வேகமாக. பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். மருத்துவர் தந்த வலி மருந்தை, நாய் தெளிவாகத்தானே இருக்கிறது என்று பாதியில் நிறுத்துவதும் தவறு. அந்தத் தெளிவே மருந்தின் புண்ணியமாக இருக்கலாம்.

மாத்திரையை வேர்க்கடலை வெண்ணெயிலோ சீஸிலோ புதைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மருந்து, இரண்டு வேளை என்றால் நாலு உருண்டை. டீஸ்பூன் கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள். உணவுக்கென்று ஒதுக்கிய கோழித்துண்டில் ஒன்றைக் கீறி உள்ளே வைத்தால் போதும்.

ஆன்டிபயாடிக் ஏன் எழுதவில்லை என்று மருத்துவரோடு மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. நாய்களில் இந்த அழற்சி பெரும்பாலும் கிருமியால் வருவதல்ல, அதனால் எல்லோருக்கும் அது தேவைப்படாது. வலிப்புக்காக பீனோபார்பிடல், பொட்டாசியம் புரோமைடு போன்றவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், இவற்றுக்கும் கணைய அழற்சிக்கும் தொடர்பு இருக்கலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கட்டுக்கு அடங்காமல் போகும்.

கத்தவில்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை

முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்பதை விளையாட அழைக்கிறது என்று எண்ணி வீடியோ எடுத்தவர்களை எனக்குத் தெரியும். விளையாட அழைக்கும் நாய் வாலாட்டும், துள்ளும். வயிற்று வலியில் நிற்கும் நாய் அப்படியே உறைந்து நிற்கும், படுக்க இடம் தேடி எழுந்து எழுந்து உட்காரும், முதுகை வளைத்துக்கொள்ளும். சின்ன நாயை ஒரு கையால் வயிற்றில் கொடுத்து அள்ளித் தூக்கும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த வாரங்களில் ஒரு கை மார்புக்கும் இன்னொரு கை பின்பக்கத்துக்கும் போகட்டும்.

மறுபடி வாந்தி தொடங்கினால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிட மறுத்தால், வயிறு உப்பினால், மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம். ஈறும் கண் வெள்ளையும் மஞ்சளானால், வீங்கிய கணையம் பித்தக் குழாயை அழுத்திக்கொண்டிருக்கலாம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில வாரங்கள் கழித்துத் தண்ணீர் அதிகமாகக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் சர்க்கரை நோயைச் சோதிக்கச் சொல்லுங்கள். நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு அதிகமாகப் போனால் கணையம் நொதி சுரப்பதையே குறைத்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். நொதித்தூள் அப்போதுதான் வேலை செய்யும். அதற்கு முன்பே கடையில் வாங்கித் தூவுவது வீண்.

எத்தனை நாள் இந்தப் பத்தியம் என்பதற்கு எல்லா நாய்க்கும் ஒரே பதில் கிடையாது. ஒரே ஒரு முறை, குப்பைத்தொட்டியைக் கவிழ்த்ததால் வந்தது என்றால் சில வாரங்களில் மருத்துவர் தளர்த்தலாம். மினியேச்சர் ஷ்னாசர் போன்ற இனங்களில் ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு இயல்பிலேயே கூடியிருப்பது அதிகம். பன்னிரண்டு மணி நேரம் உணவில்லாமல் எடுத்த ரத்தத்திலும் அது இறங்கவில்லை என்றாலோ, அழற்சி திரும்பத் திரும்ப வந்தாலோ, கொழுப்பு குறைந்த உணவுதான் ஆயுள் முழுக்க. அந்தச் சோதனைக்காகப் பட்டினி வைப்பதையும் மிகச் சிறிய நாய்க்கு மருத்துவர் சொல்லும் முறையிலேயே செய்யுங்கள்.