இறகு மைட்டை எடுத்து, ஸ்லைடு போட்டு, விவரம் எழுதும் முறை

மைனா, சின்னான், சிட்டுக்குருவியின் சிறகை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், இறகிழைகளுக்கு நடுவே சாம்பல்பொடி வரிசைகட்டி நிற்பது போலத் தெரியும். அதுதான் இறகு மைட், சிலந்தி வகையைச் சேர்ந்த சிற்றுயிர். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளம். பேனுக்கு ஆறு கால், வளர்ந்த மைட்டுக்கு எட்டு. முட்டையிலிருந்து வந்த புதுக்குஞ்சுக்கும் ஆறுதான், ஏமாந்துவிடக் கூடாது. இவை ரத்தம் குடிப்பதில்லை. இறகில் படிந்த எண்ணெயையும் பூஞ்சையையும் தின்கின்றன. மருந்து அடித்துக் கொல்வது வீண்வேலை.

காட்டுப் பறவையைப் பிடிக்கவும், செத்ததை எடுத்து வைத்துக்கொள்ளவும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கை பழக, ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் கூண்டில் வளர்ந்து இறந்த ஃபிஞ்ச் என்ற சிறு பறவை போதும். தரையில் கிடக்கும் இறகு உதவாது. உதிரப்போகும் இறகைவிட்டு மைட் முன்னமே பக்கத்து இறகுக்குப் போய்விடும்.

ஒரு பறவைக்கு ஒரு பை. இரண்டை ஒரே பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மைட் இடம் மாறும். பிறகு மைனாவின் மைட் சிட்டுக்குருவியின் பெயரில் பதிவாகும். இந்தப் பிழையைப் பின்னால் யாராலும் திருத்த முடியாது.

கழுவுவதற்கு முன் எந்த இறகு, மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்று எழுதிவிடுங்கள். பாதி அடையாளம் அதிலேயே இருக்கிறது. பறப்பிறகின் கீழ்ப்பக்கம் இருந்து, ஆணின் பின்முனையில் இலை போன்ற இரு தகடுகள் தெரிந்தால் புரோக்டோஃபில்லோடெஸ் என்ற மைட் பேரினம் என்று சந்தேகிக்கலாம். மேல்பக்கத்தில் கெட்டியான ஓட்டோடு இருந்தால் ட்ரூயெஸ்ஸார்டியா. பொசுபொசு இறகுக்குள், ஆணின் மூன்றாம் கால் மட்டும் தடித்திருந்தால் அனல்ஜெஸ்.

ஈர ஊசிமுனையில் எடுத்து 70 சதவீத எத்தனாலில் போடுங்கள். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை கரைந்துவிடும். அடுத்து, உடல் ஊடுருவித் தெரிய, லாக்டிக் அமிலத்தில் ஓரிரு நாள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் ஓட்டின் விளிம்பே தெரியாத அளவு வெளிறிப்போகும்.

ஸ்லைடில் மைட்டைப் பதிக்க ஹாயர் கரைசல்: தண்ணீர் 50 மி.லி., அரபிக் கோந்து 30 கிராம், குளோரல் ஹைட்ரேட் 200 கிராம், கிளிசரின் 20 மி.லி. குளோரல் ஹைட்ரேட் நஞ்சு, கையுறை கட்டாயம். துளி பெரிதானால் மைட் ஓரத்துக்கு ஓடும். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பை அமுக்கினால் உடல் தட்டையாகி அகல அளவு பொய்யாகும். 45 டிகிரியில் ஒரு வாரம் உலர்த்தி, ஓரத்தில் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. காசிமேட்டுக் கடல்காற்றில் இந்தப் பூச்சைப் பூசாமல் விட்டால், ஐப்பசி மழையில் கரைசல் ஈரம் உறிஞ்சி இளகி, மைட் புரண்டுவிடும்.

விவரிப்புக்கு ஆண், பெண் இரண்டும் வேண்டும்; இளம்பருவத்தை மட்டும் வைத்து இனம் சொல்லாதீர்கள். உடல் நீளம், அகலம், முன்முதுகு ஓடு, பின்முதுகு ஓடு, ஆணின் இனப்பெருக்க உறுப்பின் நீளம், இவற்றை மைக்ரோமீட்டரில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எழுதுங்கள். மைட்டின் முடி உதிர்ந்திருந்தால் அதன் குழியைப் பார்த்து இடத்தை மட்டும் குறியுங்கள். புது இனம் என்று தோன்றினால், மூல மாதிரியின் (புது இனப் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் ஒரே மைட்டின்) அளவைத் தனியாகவும் மற்றவற்றின் வீச்சைத் தனியாகவும் கொடுத்து, ஸ்லைடுகளைச் சாந்தோமிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற சேகரிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும்.