உங்கள் இணையப் பக்கத்தைத் தமிழில் வாசிக்க வைக்கலாம்

கண் பார்வை குறைந்தவருக்கும், படிப்பதைவிடக் கேட்பதே எளிது என்பவருக்கும் இணையப் பக்கம் தானே வாசித்துக் காட்டுவது பேருதவி. கூகுள் கிளவுட், மைக்ரோசாப்ட் அஷூர் ஆகிய இணையவழிச் சேவைகள் இரண்டிலும் தமிழ்க் குரல்கள் இருக்கின்றன. இங்கே கூகுள் சேவையை வைத்துச் செய்து பார்ப்போம்.

முதலில் கணக்குத் தொடங்கி, உரையைப் பேச்சாக மாற்றும் சேவையை இயக்கி, ஏபிஐ சாவியை, அதாவது உங்கள் நிரலை அந்தச் சேவைக்கு அடையாளம் காட்டும் ரகசிய எழுத்துத் தொடரைப் பெறுங்கள். அந்தச் சாவியை உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதவே எழுதாதீர்கள். உலாவிக்குப் போகும் எதையும் யாரும் திறந்து பார்க்கலாம். வேறொருவர் பயன்படுத்தினாலும் கட்டணம் உங்கள் கணக்கில்தான் ஏறும். சாவி சர்வரிலேயே (உங்கள் தளம் இயங்கும் கணினியிலேயே) இருக்கட்டும். உலாவி சர்வரிடம் கேட்கும், சர்வர் கூகுளிடம் கேட்கும்.

அடுத்தது கோரிக்கை. வாசிக்க வேண்டிய உரை, மொழியும் குரலும், ஒலியின் வகை ஆகிய மூன்றையும் ஜேசான் வடிவில் (பெயரும் மதிப்புமாகத் தகவலை எழுதும் முறையில்) அனுப்ப வேண்டும். ஒலிக்கு எம்பி3 போதும். பதிலில் ஒலி பேஸ்64 எழுத்துகளாக, அதாவது பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளால் குறிக்கும் வடிவில் வரும். அதைப் பைட்டுகளாக மாற்றிய பிறகே கோப்பாகச் சேமியுங்கள். மாற்றாமல் சேமித்தால் கோப்பு இருக்கும், ஒலி வராது.

தமிழில் எழுதுவோர் அதிகம் தடுக்கி விழும் இடம் உரையின் நீளம். ஒரு கோரிக்கைக்கு 5000 பைட்தான் வரம்பு. நமக்கு 'தமிழ்' மூன்றெழுத்து. எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். குறியீட்டுக்கு 3 வீதம் 15 பைட். ஆகவே ஏறத்தாழ 1600 குறியீடுகளிலேயே வரம்பு நிரம்பிவிடும். எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுங்கள். நீண்ட உரையை வாக்கிய முடிவில் வெட்டி, துண்டுக்கொரு கோரிக்கை அனுப்பி, வரிசையாக ஒலிக்கச் செய்யுங்கள். முற்றுப்புள்ளியைத் தேடி வெட்டும் நிரல் 'திரு.' என்பதையும் வாக்கிய முடிவாக எண்ணிவிடும். அதற்கு விலக்கு எழுதுவது நல்லது.

ஒருமுறை பெற்ற ஒலியை மறுபடி கேட்டு வாங்காதீர்கள். உரையையும் குரலின் பெயரையும் சேர்த்து எஸ்எச்ஏ-256 (உள்ளீட்டுக்குத் தனி அடையாளமாக அமையும் எண்ணெழுத்துத் தொடர்) கணக்கிட்டு, அதையே கோப்பின் பெயராக வைத்துக்கொண்டால் தேடுவது எளிது.

பக்கத்தில் 'கேட்க' என்று ஒரு பொத்தான் வையுங்கள். பயனர் எதையும் அழுத்தாமல் ஒலி தானாகத் தொடங்குவதை உலாவிகள் பெரும்பாலும் தடுத்துவிடும்.

வெளியிடும் முன் முழுவதையும் காதால் கேளுங்கள். தேதிகளும் சுருக்கப் பெயர்களும் தவறாக ஒலித்தால், எஸ்எஸ்எம்எல் குறிகளால் (எப்படி ஒலிக்க வேண்டும் என்று உரைக்குள் எழுதும் குறிகளால்) திருத்தலாம். அந்தக் குறிகளும் 5000 பைட் கணக்கில் சேரும்.